கஸ்தூரி மஞ்சள்: விதைக்கிழங்கில் ஏமாறாதீர்கள்!

குளியல் பொடிக்கும் முகப்பூச்சுக்கும் கஸ்தூரி மஞ்சளுக்கு என்றும் கிராக்கி உண்டு. ஆனால் அப்பெயரில் கடைகளில் விற்கப்படும் கிழங்கில் பெரும்பகுதி கஸ்தூரி மஞ்சளே அல்ல. கேரளத்தில் 'மஞ்சக்கூவா' எனப்படும் வேறு இனக் கிழங்கே அதன் பெயரில் பரவலாக விற்பனையாகிறது. அதை விதைக்காக வாங்கி நட்டுவிட்டால் எட்டு மாத உழைப்பும் வீண். முகர்ந்து பார்த்து வாங்கும் வியாபாரி திருப்பி அனுப்பிவிடுவார். எனவே நடுவதற்கு முன்பே இனத்தை அறிந்துகொள்வது அவசியம்.

அடையாளம் காண்பது எப்படி?

கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். அசல் கஸ்தூரி மஞ்சளின் உட்பகுதி வெளிர் மஞ்சளாகவோ பாலாடை நிறமாகவோ இருக்கும். வெட்டியவுடன் கற்பூர வாசனை வீசும். மஞ்சக்கூவாவில் நிறம் தூக்கலாக இருக்கும், வாசனை இராது.

செடியாக இருக்கும்போது இலையின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். அசல் இனத்தில் மெல்லிய ரோமம் பட்டுப்போல் தட்டுப்படும். மஞ்சக்கூவா இலையில் நடுநரம்பை ஒட்டிக் கருஞ்சிவப்புக் கோடு ஓடும். அசலில் அது கிடையாது.

பொடியாக வாங்கினால் சிறிது சுண்ணாம்பு நீர் சேர்த்துக் குழைக்கலாம். குங்குமம் போல் செக்கச் செவேலெனச் சிவந்தால் கறி மஞ்சள் தூள் கலந்திருப்பதாகச் சந்தேகிக்கலாம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் கஸ்தூரி மஞ்சளில் மிகக் குறைவு. முகத்தில் மஞ்சள் கறை படியாததற்கு இதுவே காரணம்.

சாகுபடி

வடிகால் வசதியுள்ள மணற்பாங்கான செம்மண், வண்டல் நிலங்கள் ஏற்றவை. தென்னந்தோப்பின் இலேசான நிழலிலும் வளரும். கோடை மழை கிடைத்ததும் மே, ஜூன் மாதங்களில் நடலாம். நிலத்தை நன்கு உழுது, மக்கிய தொழு உரமிட்டு, மேட்டுப்பாத்தி அல்லது பார் அமைக்க வேண்டும். முளைப்புள்ள, அழுகல் இல்லாத கிழங்குகளை 20 கிராம் அளவுள்ள துண்டுகளாக்கி, 60 செ.மீ.க்கு 40 செ.மீ. இடைவெளியில் நடவும்.

முதல் ஆண்டிலேயே ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம். ஒரு சென்ட் நிலத்திற்குச் சுமார் 170 துண்டுகள், அதாவது மூன்றரை கிலோ கிழங்கு போதும். அதை வளர்த்து, இலையையும் கிழங்கையும் சோதித்து, விதையைப் பெருக்கிக்கொண்டு அடுத்த ஆண்டு பரப்பை விரிக்கலாம். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஓடக்காலி நறுமண, மருந்துப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் விதைக்கிழங்கு பற்றி விசாரிக்கலாம்.

நட்டவுடன் இலைதழையால் மூடாக்கு இட்டால் ஈரம் காக்கப்படும், களையும் குறையும். களை எடுக்கும்போதே மண் அணைக்கவும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். அழுகிய செடிகளை உடனே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

அறுவடையும் பக்குவமும்

ஏழு, எட்டு மாதங்களில் இலைகள் காய்ந்ததும் கிழங்கைத் தோண்டலாம். கறி மஞ்சளைப் போல் இதை வேகவைக்கக் கூடாது. வேகவைத்தால் வாசனை எண்ணெய் ஆவியாகிவிடும். பொருளின் மதிப்பே போய்விடும். வேர் நீக்கிக் கழுவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒடித்தால் 'பட்'டென்று முறியும் வரை உலர்த்தவும். காற்றுப் புகாத கலனில் ஈரம் படாமல் வைக்கவும்.

விற்குமுன்...

வீட்டு உபயோகத்திற்குப் பொடி செய்யத் தடையில்லை. அழகுப் பொருளாகத் தயாரித்து விற்பதானால் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் தேவை. மூலிகை என்பதால் எல்லாத் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் கருதக்கூடாது. முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிப் பார்த்து, அரிப்போ தடிப்போ இல்லையென்றால் மட்டும் முகத்திற்குப் பயன்படுத்தலாம்.

வியாபாரியைப் பார்த்துப் பேசாமல் பெரும் பரப்பில் நட வேண்டாம். முதலில் ஒரு சென்ட், கையில் அசல் விதை. அதன் பிறகே ஏக்கர்.