இசை எழுத ஓர் இலவச புரோகிராம்

கடிதம் டைப் செய்ய வேர்ட் இருப்பதுபோல், ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்புக்கும் புரோகிராம்கள் உண்டு. கீபோர்டு, வயலின் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு இவை மிகவும் பயன்படும். அச்சு அழகாக வருவது சின்ன லாபம்தான். எழுதியதை உடனே கேட்கலாம் என்பதே பெரிய லாபம். தாளில் தப்பாக எழுதிய மாணவனுக்கு, ஆசிரியர் திருத்தும்வரை அது தெரியாது. இங்கே காதே காட்டிக் கொடுத்துவிடும்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் மியூஸ்ஸ்கோர் சிறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். மியூஸ்ஸ்கோர் டாட் ஆர்க் தளத்தில் டவுன்லோட் செய்திடுங்கள். இதே பெயரில் உள்ள டாட் காம் தளம், பிறர் எழுதிய இசைத்தாள்களுக்கானது, சந்தா கேட்கும். புரோகிராமுக்குத்தான் பணம் என்று எண்ணி கிரெடிட் கார்டை எடுத்துவிடாதீர்கள்!

பைல் மெனுவில் நியூ கிளிக் செய்து, வாத்தியத்தைத் தேர்ந்தெடுங்கள். தாள் திறந்ததும் முதல் பாரில் கிளிக் செய்து 'என்' கீயை அழுத்துங்கள். பிறகு 5 அழுத்தினால் ஓர் எண்ணிக்கை கொண்ட கிராட்செட்; 6 என்றால் இரண்டு எண்ணிக்கை. இனி 'ஏ' முதல் 'ஜி' வரையுள்ள கீகளே ஸ்வரங்கள். எழுதி முடித்து எஸ்கேப் தட்டி, ஸ்பேஸ் பாரை அழுத்தினால் பாட்டு ஒலிக்கும்.

வகுப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நான்கு எண்ணிக்கை கொண்ட பாரில் ஒரே ஒரு கிராட்செட் போட்டுப் பாருங்கள். மீதி மூன்று எண்ணிக்கைக்கும் புரோகிராமே மௌனக் குறிகளை நிரப்பிவிடும். நான்காவது எண்ணிக்கையில் இரண்டு எண்ணிக்கை ஸ்வரத்தைப் போட்டால், பாதியை அடுத்த பாருக்குத் தள்ளி, இரண்டையும் வளைகோட்டால் இணைக்கும். கரும்பலகையில் எவ்வளவு சொன்னாலும் பிடிபடாத தாளக் கணக்கு, இப்படிக் கண்ணெதிரே நடக்கும்போது சட்டென்று புரியும். தெரிந்த பாட்டில் இரண்டு ஸ்வரங்களை வேண்டுமென்றே மாற்றி வைத்து, மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். விளையாட்டாகவே செய்வார்கள்.

பாட்டு பிள்ளைகளின் குரலுக்கு எட்டவில்லையா? கண்ட்ரோல் + ஏ அழுத்தி, டூல்ஸ் மெனுவில் டிரான்ஸ்போஸ் மூலம் மொத்தமாக இறக்கிவிடலாம். ஆனால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்காது. எட்டு பார்களை ஒரே மூச்சில் பாடச் சொல்லி எழுதினாலும் அலுக்காமல் இசைக்கும். எனவே எழுதியதை ஒருமுறை பாடியும் பார்க்க வேண்டும். கர்நாடக இசையின் கமகங்களை இதில் எதிர்பார்க்காதீர்கள்.

பைலை மியூசிக் எக்ஸ்எம்எல் வகையிலும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். 1988ல் வெளியாகி உலகெங்கும் புகழ்பெற்ற பினாலே புரோகிராமின் மேம்பாட்டையே 2024ல் நிறுத்திவிட்டார்கள். இந்த வகையில் சேமித்திருந்தவர்கள் தங்கள் பாடங்களை வேறு புரோகிராமில் திறந்துகொள்ள முடிந்தது.