கோப்பு முழுதாக வந்து சேர்ந்ததா? கடைக்காரர் அறிய வேண்டிய சில விவரங்கள்

லாரியில் சரக்கு வந்தால் நாம் முதலில் செய்வது மூட்டைகளை எண்ணுவது. பிறகு பில்லோடு ஒத்துப் பார்க்கிறோம். கிழிந்த மூட்டை இருந்தால் தனியே எடுத்து வைத்து, அதற்கு மாற்று அனுப்பச் சொல்கிறோம். பெரிய மார்க்கெட்டில் மண்டி வைத்திருப்பவரும் சரி, கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருப்பவரும் சரி, இதில் ஏமாறுவதில்லை. ஆனால் அதே வியாபாரி, கம்பெனி அனுப்பும் விலைப்பட்டியலையோ ஆடிட்டருக்கு அனுப்பும் விற்பனைக் கணக்கையோ எண்ணிப் பார்க்காமலே வாங்கி, எண்ணிப் பார்க்காமலே அனுப்பி விடுகிறார். இதனால் வரும் நஷ்டம் ஒரு மூட்டை அரிசியைவிடப் பெரிதாக இருக்கக் கூடும். எனவே இந்த விஷயத்தை அதன் ஆரம்பத்திலிருந்தே பார்ப்பது நலம் என்று கருதுகிறோம்.

புல்லட்டின் போர்டு காலம்

இன்டர்நெட் பரவும் முன்பு, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்ப டெலிபோன் கம்பியும் மோடமும்தான் வழி. ஒருவர் தம் வீட்டுக் கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைத்து வைப்பார். மற்றவர்கள் அந்த எண்ணுக்குப் போன் செய்து செய்தி எழுதி வைப்பார்கள், கோப்புகளை எடுத்துக் கொள்வார்கள். இதற்குப் புல்லட்டின் போர்டு என்று பெயர். 1978 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூயஸ் என்ற இருவர் முதலாவதைத் தொடங்கினார்கள். 1990களில் பம்பாய் போன்ற நம் நாட்டு நகரங்களிலும் இவை நடந்தன. வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பைத் தொடங்கிய பிறகு இவற்றின் தேவை படிப்படியாகக் குறைந்தது.

அன்றைய டெலிபோன் கம்பியில் இரைச்சல் அதிகம். ஒரு 'கிர்' சத்தம் போதும், ஐந்து என்ற எண் ஒன்பதாகி விடும். இதற்குத் தீர்வாக எழுந்தவையே கோப்பு அனுப்பும் விதிமுறைகள். அனுப்புபவரும் பெறுபவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் கொடுக்கல் வாங்கல் முறை என்று இதை எடுத்துக் கொள்ளலாம்.

நான்கு முறைகள்

முதலாவது எக்ஸ்மோடம். இதை 1977-ல் எழுதியவரும் கிறிஸ்டென்சன்தான். கோப்பை 128 எழுத்துகள் கொண்ட சிறு பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பொதியோடும் ஒரு கூட்டுத்தொகையை இது அனுப்பும். பெறுபவர் கூட்டிப் பார்த்து, சரியென்றால் 'வந்தது' என்பார். தவறென்றால் அந்தப் பொதி மட்டும் மீண்டும் வரும்.

இதில் இரண்டு குறைகள். கூட்டுத்தொகை எல்லாத் தவறையும் காட்டாது. பில்லில் துவரம்பருப்பு 54 மூட்டை, உளுந்து 45 மூட்டை என்று இருக்க வேண்டியது இடம் மாறி 45, 54 என்று வந்தாலும் மொத்தம் 99 தானே? இதற்காகவே பிற்பாடு சி.ஆர்.சி. என்ற வகுத்துப் பார்க்கும் கணக்கு சேர்க்கப்பட்டது. இது எண்ணை மட்டுமன்றி வரிசையையும் கவனிக்கும். தாறுமாறாகக் கெட்டுப்போன ஒரு பொதி பழைய கூட்டலில் 256-க்கு ஒரு தடவை தப்பித்து விடலாம். 16 பிட் சி.ஆர்.சி.யில் அது 65,536-க்கு ஒன்று.

இரண்டாவது குறை தாமதம். ஒரு மூட்டையை இறக்கி, ரசீது வாங்கி, அதன் பிறகே அடுத்த மூட்டையைத் தூக்குவது போன்றது இது. நொடிக்கு 240 எழுத்து அனுப்பும் 2400 வேக மோடத்தில் ஒரு லட்சம் எழுத்துள்ள கோப்பு போக ஏறக்குறைய 7 நிமிடம் ஆகும். அதில் 782 பொதிகள். ஒவ்வொன்றின் பதிலுக்கும் ஒரு நொடி காத்திருந்தால் மேலும் 13 நிமிடம். எஸ்.டி.டி. கட்டணம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இது சாதாரண விஷயமல்ல.

அடுத்தது 1981-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான கெர்மிட். வேகம் குறைவு, ஆனால் எந்தக் கம்ப்யூட்டரோடும், எவ்வளவு மோசமான லைனிலும் ஒத்துப்போகும். மூன்றாவது, சக் ஃபோர்ஸ்பெர்க் எழுதிய ஒய்மோடம். இது கோப்பின் பெயரையும் அளவையும் முதலிலேயே அனுப்பும். பல கோப்புகளை ஒரே தடவையில் கொண்டு போகும்.

நான்காவது, அவரே 1986-ல் எழுதிய இசட்மோடம். பதிலுக்கு நிற்காமல் தொடர்ந்து அனுப்பும். தவறு என்று தகவல் வந்தால் மட்டும் அந்த இடத்துக்குத் திரும்பும். 32 பிட் சி.ஆர்.சி. உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பாதியில் லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இக்காரணங்களால் புல்லட்டின் போர்டு நடத்தியவர்களில் பெரும்பாலோர் இதையே விரும்பினர்.

நம் ஊர் அனுபவம்

மோசமான லைனில் தகவல் அனுப்பும் பிரச்சினை நம் புதுவைக்குப் புதிதல்ல. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுநிலையம். எம்பலம், கிழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கிளைகள். டெலிபோனை மட்டும் நம்ப முடியாததால், பேச்சையும் கம்ப்யூட்டர் தகவலையும் வி.எச்.எஃப். வானொலி மூலம் அனுப்பினார்கள். விளைபொருள் விலை, இடுபொருள் விலை, அரசுத் திட்ட விவரங்கள் கிராமங்களுக்குப் போயின. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. அலை உயரத்தில் ஓர் எண் மாறினால் கட்டுமரத்தில் போகிறவரின் உயிருக்கே ஆபத்து. தகவல் போய்ச் சேர்வது மட்டும் போதாது, சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்று நமக்கு என்ன?

இன்று மோடத்தின் இரைச்சல் இல்லை. பொதி பிரிப்பது, சரிபார்ப்பது, மீண்டும் அனுப்புவது யாவும் இன்டர்நெட்டின் அடித்தளத்திலேயே நடந்து விடுகின்றன. ஆனால் தவறு இடம் மாறியிருக்கிறது. கோப்பு பாதியில் நின்று போவது, பழைய பட்டியலே மறுபடி வருவது, கையால் எழுதும்போது எண் பிசகுவது, இவையே இன்றைய தொல்லைகள்.

ஜி.எஸ்.டி. எண்ணை எடுத்துக் கொள்வோம். 15 இடங்கள் கொண்ட அதில் முதல் இரண்டும் மாநிலக் குறியீடு. புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. கடலூரிலும் விழுப்புரத்திலும் கொள்முதல் செய்யும் நமக்கு இந்த ஓர் இலக்கம் முக்கியம். 33, 34 குழம்பினால் ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டிய இடத்தில் வேறு வரி விழும். எண்ணே தவறினால் நமக்கு வர வேண்டிய உள்ளீட்டு வரி வரவு நம் கணக்கில் தெரியாது. இதைத் தடுக்கத்தான் 15-வது இடத்தில் ஒரு சரிபார்ப்பு எழுத்து வைத்திருக்கிறார்கள்.

நாம் தினமும் ஸ்கேன் செய்யும் பார்கோடிலும் இதே உத்திதான். 8901234567890 என்ற எண்ணில் கடைசி 0 சரிபார்ப்பு எண். முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடங்களின் கூட்டல் 28. இரட்டைப்படை இடங்களின் கூட்டல் 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. பத்தின் மடங்காக்க மேலும் எதுவும் தேவையில்லை, எனவே 0. நடுவில் 67 என்பதை 76 என்று மாற்றி அடித்தால் மொத்தம் 128 ஆகும். சரிபார்ப்பு எண் 2 வர வேண்டும். பில் போடும் மெஷின் உடனே மறுத்து விடும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கணக்குக் கோப்பை ஜிப் செய்து அனுப்புங்கள். அதில் சி.ஆர்.சி. சோதனை உள்ளடங்கியிருப்பதால், கெட்டுப்போன கோப்பைத் திறக்கும்போது பிழை காட்டும்.

2. விலைப்பட்டியலோடு மொத்தம் எத்தனை அயிட்டம், எந்தத் தேதி முதல் அமல் என்பதையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வந்தவுடன் எண்ணிக்கையை ஒத்துப் பாருங்கள்.

3. வாட்ஸ்அப்பில் பில்லைப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு எழுத்து மங்கலாம். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புவதே சரி.

4. பழைய எஃப்.டி.பி. முறையில் பாஸ்வேர்டு மறைவின்றித் திறந்தபடி போகும். வங்கிக்கோ கம்பெனிக்கோ மொத்தமாகக் கோப்பு அனுப்புகிறவர்கள் எஸ்.எஃப்.டி.பி. முறையைக் கேட்டு வாங்குங்கள்.

5. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒரு முறை அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசி பில் எண் வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கோப்பு வழியில் கெடாமல் வந்தது என்பது வேறு, உரியவர்தான் அனுப்பினார் என்பது வேறு. எந்தச் சரிபார்ப்பு எண்ணும் இரண்டாவதற்கு உத்தரவாதம் தராது. வழக்கமாகச் சரக்கு அனுப்புகிறவர் பெயரில் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று பில் வந்தால், அந்தப் பில்லில் உள்ள எண்ணுக்கு அல்ல, நம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும். ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு போனில் வந்தால் திறக்கவே கூடாது.

மூட்டையை எண்ணி வாங்கும் நாம் கோப்பையும் எண்ணி வாங்கப் பழகிக் கொள்வோமாக.