பூனைத் தொட்டிக்கு அரிசி விலையில் மண்ணா?

இந்தப் பக்கத்தில் சமையல் குறிப்பு வருகிறது, கோலம் வருகிறது, பிள்ளை வளர்ப்பு வருகிறது. நான் எழுதப் போவது பூனை வெளிக்குப் போகிற விஷயம். முகத்தைச் சுளிக்காதீர்கள். பூனை வளர்க்கிற வீட்டில் அதைத் தினமும் அள்ளுவது யார்? நாம்தானே!

பூனை மாதிரி சுத்தம் பார்க்கிற பிராணி கிடையாது. தானே பள்ளம் பறித்து, இருந்து, மண்ணைத் தள்ளி மூடி, மோந்து பார்த்துவிட்டுத்தான் நகரும். அதற்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம் பொலபொலவென்ற மண். நம் பாட்டி வீடுகளில் புழக்கடை இருந்தது, எருக்குழி இருந்தது, அடுப்புச் சாம்பல் கொட்டுகிற இடம் இருந்தது. பூனை எங்கே போய்விட்டு வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. இப்போது எங்கள் செஞ்சி மாதிரி சின்ன ஊரிலேயே வாசலில் சிமெண்ட், பின்பக்கம் டைல்ஸ். துளசி மாடத்தைத் தவிர மண்ணே கண்ணில் படுவதில்லை. யாராவது வீடு கட்ட மணல் கொட்டியிருந்தால் தெருப் பூனை பூராவும் அங்கேதான். சாயங்காலம் அதே குவியலில் பிள்ளைகள் கோபுரம் கட்டி விளையாடும். (வீடு கட்டுகிறவர்கள் ராத்திரியில் ஒரு தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால் புண்ணியமாகப் போகும்.)

ஆகவே வீட்டுக்குள் ஒரு தொட்டி வைக்க வேண்டியதாகிவிட்டது. அதில் எதைப் போடுவது?

கேட் லிட்டர் என்று பையில் விற்கிறார்கள். செல்போனில் ஆர்டர் போட்டால் செஞ்சிக்கே வந்துவிடுகிறது. ஐந்து கிலோ பை வாங்குகிற காசுக்கு எங்கள் ஊரில் ஐந்து கிலோ பொன்னி அரிசி வாங்கலாம். பையைப் பிரித்தால் உள்ளே இருப்பது என்ன? மண்! பெண்டோனைட் என்கிற களிமண். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பக்கமும், ராஜஸ்தானில் பார்மர் பக்கமும் பூமியைத் தோண்டி எடுத்து, காயவைத்து, நொறுக்கி, சலித்துத் தருகிறார்கள். வெளிநாட்டுக்கும் கப்பலில் போகிறது. ஈரம் பட்டால் பல மடங்கு உப்பிக் கட்டியாகிவிடும். கட்டியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். சௌகரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டி மக்காது, எரியவும் எரியாது. குப்பை கொட்டுகிற இடத்தில் அப்படியே கிடக்கும். கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாலோ குழாய்க்குள் உப்பி அடைத்துக்கொள்ளும்.

இந்த வியாபாரம் பிறந்த கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1947 ஜனவரியில், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்று ஒருவர். தொழிற்சாலைத் தரையில் சிந்துகிற எண்ணெயை உறிஞ்சுவதற்குக் களிமண் துணுக்கு விற்று வந்தார். அக்கம்பக்கத்து அம்மா ஒருத்தி வந்து, "பூனைக்குப் போடுகிற மணல் பனியில் உறைந்துபோச்சு, கொஞ்சம் மணல் கொடுங்க" என்று கேட்டிருக்கிறாள். சாம்பலைப் போட்டுப் பார்த்தாளாம், பூனை வீடெல்லாம் கரிக்கால் வைத்துவிட்டதாம். மணலுக்குப் பதில் களிமண் துணுக்கைக் கொடுத்தார். அது பிடித்துப்போய் அவள் மறுபடியும் வந்து கேட்டாள். உடனே அவர் ஐந்து ராத்தல் பைகளாகக் கட்டி, 65 சென்ட் விலை வைத்துக் கடைக்கு எடுத்துப் போனார். மணல் சும்மா கிடைக்கும்போது இதை யார் வாங்குவார் என்று கடைக்காரர் கேட்டாராம். அந்தக் கேள்வியை நானும் கேட்கிறேன். அவர்களுக்குப் பனியில் மண் உறைந்துபோனது. இங்கே நாமாகவே சிமெண்ட் பூசி மூடிவிட்டோம்.

சரி, சும்மா கிடைக்கிற மணலையே போடலாமே என்றால், ஆற்று மணல் இப்போது பூனைக்குப் போடுகிற பண்டமா? செம்மண் ஈரம் பட்டால் சேறாகி ஒட்டிக்கொள்கிறது. எம்.சாண்ட் பூனையின் காலுக்குக் குத்தும்.

எங்கள் ஊரில் சும்மா கிடைக்கக்கூடியது வேறு ஒன்று உண்டு. செஞ்சி நெல் ஊர். அறுவடைக் காலத்தில் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததே எங்கள் கோட்டை, அதில்கூட ராஜகிரி அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியம் இருக்கிறது. (அத்தனை நெல் இருந்த இடத்தில் எலி இருந்திருக்கும், பூனையும் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.) நூறு கிலோ நெல்லை அரைத்தால் சுமார் இருபது கிலோ உமி வரும். மில்லில் நெல் அவிக்க அதையே எரிக்கிறார்கள், செங்கல் சூளைக்காரர்களும் வாங்கிப் போகிறார்கள். ஆனாலும் ஒரு கோணி உமி கேட்டால் யாரும் இல்லை என்பதில்லை.

வெறும் உமியைப் போட்டுப் பார்த்தேன். பூனை சந்தோஷமாகப் பறித்தது. ஆனால் உமியின் மேல்தோல் மொரமொரவென்று இருப்பதால் ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. மூத்திரம் அடியில் போய்த் தேங்கும். வீச்சம் வரும். அடியில் இழுக்கிற பண்டம் ஒன்று வேண்டும். அதற்கு மரம் அறுக்கும் பட்டறையிலிருந்து மரத்தூள் வாங்கி வந்தேன். அடியில் இரண்டு விரல் கடை மரத்தூள், மேலே ஒரு விரல் கடை உமி. இந்தக் கலவைதான் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. ஈரம் கீழே இறங்கி மரத்தூளில் நின்றுவிடுகிறது, மேலே பூனையின் கால் காய்ந்தே இருக்கிறது. மரத்தூள் வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். காய்ந்த மரத்தின் தூளாக இருக்க வேண்டும், பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம். அதில் பசை மருந்து கலந்திருக்கும். மாவு மாதிரி இருக்கிற தூளைச் சல்லடையில் சலித்து நீக்கிவிடுங்கள், பூனைக்கும் நமக்கும் தும்மல் வரும்.

தவிட்டைப் போடாதீர்கள். எறும்பும் பூச்சியும் சேரும், பூசணம் பிடிக்கும். உமிச்சாம்பல் வீச்சத்தை நன்றாக இழுக்கிறது, ஆனால் அமெரிக்க அம்மா பட்ட பாடுதான், தரையெல்லாம் கரிக்கால். நான் மரத்தூளுக்கு அடியில் ஒரு பிடி மட்டும் தூவுகிறேன். மல்லாட்டைத் தோலை இடித்துப் போட்டால் இழுக்கும், ஆனால் இடிக்க நமக்குத் தெம்பு வேண்டுமே! தென்னை மட்டை நார் எடுக்கும்போது விழுகிற தூள் கிடைக்கிற ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கட்டியாக அமுக்கி நர்சரிகளில் விற்கிறார்கள். தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் போட வேண்டும். வெள்ளைப் பூனையாக இருந்தால் கால் கொஞ்சம் பழுப்பேறும், அவ்வளவுதான்.

எதை மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றக்கூடாது. பழையதில் ஒரு பங்கு, புதியதில் ஒரு பங்கு என்று கலந்து பத்து நாளில் மாற்றினால் பூனை மிரளாது. இல்லாவிட்டால் உங்கள் துவைத்த துணிக் கூடையைத் தேடிப் போகும்!

வாசனைக்கு என்று எதையும் சேர்க்க வேண்டாம். தொட்டியைப் பினாயில் போட்டுக் கழுவாதீர்கள், பக்கத்தில் பாச்சை உருண்டை வைக்காதீர்கள். இரண்டும் பூனைக்கு விஷம். காலை நக்கித்தானே அது சுத்தம் செய்துகொள்கிறது? சோப்புத் தண்ணீரில் கழுவி, மேலே கொதிக்கிற வெந்நீர் ஊற்றி, வெயிலில் கவிழ்த்து வைத்தால் போதும்.

இதையெல்லாம் விட முக்கியமானது தினமும் அள்ளுவது. போன வருஷம் என் நாத்தனார் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். ஐந்தாவது மாசம். அன்றைக்கே என் மாமியார், "வயித்துப் புள்ளக்காரி இருக்கிற வீட்ல பூனை ஆகாதும்மா. கோணியில போட்டு கோட்டைப் பக்கம் விட்டுட்டு வரச் சொல்லு" என்றார்கள். "கொஞ்சம் பொறுங்க அத்தை, டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்று சொல்லி, நாத்தனாரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது கேட்டேன்.

மாமியார் பயந்ததில் விஷயம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு கிருமி. எலியைத் தின்பதாலும் பச்சைக் கறி தின்பதாலும் பூனைக்கு வரும். முதல் தடவை தொற்றும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம் அதன் மலத்தில் வெளியாகும். கர்ப்பிணிக்கு அந்தச் சமயத்தில் முதன்முறையாகத் தொற்றினால் கரு கலையலாம், குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். ஆனால் மலத்தில் வந்த உடனே அது தொற்றாது. தொற்றுகிற நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். அன்றன்றைக்கே அள்ளி அப்புறப்படுத்தினால் ஆபத்து பெருமளவு குறைந்துவிடும். கர்ப்பிணி தொட்டியைத் தொடவே கூடாது, வீட்டில் வேறு யாராவதுதான் அள்ள வேண்டும். வேறு ஆளே இல்லையென்றால் கையுறை போட்டு அள்ளி, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பூனையைக் கட்டிப் பிடிப்பதால் மட்டும் சாதாரணமாக வந்துவிடாது. பூனையை விரட்டிவிட்டு, சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் தின்றாலும் அதே கிருமி வரும் என்றார். இதை நாத்தனாரே வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னாள். நான் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்குமோ என்னவோ!

தினம் இரண்டு வேளை நான்தான் அள்ளினேன். கறுப்பிக்கு வேகவைத்த மீனும் சோறும் மட்டும்தான், கவுச்சித் தலையைப் பச்சையாகப் போடுவதை நிறுத்திவிட்டோம். வீட்டை விட்டு வெளியேயும் விடவில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

வளர்த்த பிராணியைத் தகுந்த காரணமில்லாமல் பட்டினி கிடக்கும்படி விட்டுவிட்டு வருவது, 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதையும் அன்றைக்கு மாமியாரிடம் மெதுவாகப் போட்டு வைத்தேன்.

இனி அள்ளியதை எங்கே போடுவது? உமியும் மரத்தூளும் மக்கும் என்பதற்காக, எருக்குழியில் போட்டுக் கீரைப் பாத்திக்கு வைக்காதீர்கள். நான் சொன்ன கிருமி மண்ணில் மாசக் கணக்கில் உயிரோடு இருக்கும், வீட்டு எருக்குழிச் சூட்டில் சாகும் என்று நம்பி இருக்க முடியாது. தக்காளி, கத்தரிச் செடிக்கும் வேண்டாம். கக்கூஸிலும் தள்ளாதீர்கள். கலிபோர்னியாவில் சாக்கடை, மழைத் தண்ணீர் வழியாக இந்தக் கிருமி கடலுக்குப் போய், அங்கே இருக்கிற கடல் நீர்நாய்கள் சாவதாகக் கண்டுபிடித்து, 2006-ல் சட்டமே போட்டார்கள். கேட் லிட்டர் பையின் மேலேயே, கழிவைக் கக்கூஸிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள் என்று அச்சடிக்க வேண்டுமாம்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில், கிணற்றுக்கும் போருக்கும் தூரமாக, ஒரு புங்க மரம் இருக்கிறது. மனைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி வைத்திருக்கிறோம். அள்ளியதை அதில் போட்டு, மேலே ஒரு கை மண் தள்ளி, பலகையால் மூடிவிடுவோம். நாய் கிளறாது. குழி நிரம்பினால் மண் போட்டு மூடிவிட்டு அடுத்த குழி. காலடி மண்ணே இல்லாத மாடி வீட்டுக்காரர்கள் பழைய பேப்பரில் இறுக்கமாகச் சுற்றி, குப்பை வண்டியில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். நம் மாநிலத்தில் கேரி பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அதில் கட்டிப் போட்டால் மக்குகிற பண்டமும் மக்காது, அதை வெறும் கையால் பிரிக்கிற துப்புரவுப் பணியாளரும் நம்மைப் போல ஒரு பெண்ணாக இருக்கலாம்.

தொட்டிக்கு நான் வைத்திருப்பது ஓரம் உடைந்த பிளாஸ்டிக் டப். குட்டியாக இருந்தால் தாம்பாளம் மாதிரி விளிம்பு தாழ்ந்ததாக வையுங்கள், ஏறி இறங்க வேண்டுமே. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பூனை இரண்டையும் தொடாது.

மரத்தூள் வாரம் ஒருமுறை பூராவும் மாற்றுகிறேன். கறுப்பி ஒன்றுக்கு மாசம் ஒரு கோணி உமி தாராளம், அதற்குப் பாதி மரத்தூள். ஐப்பசி பிறப்பதற்குள் இரண்டு மாசத்துக்கு வேண்டியதை வாங்கிக் காயவைத்து, பழைய டிரம்மில் மூடி வைத்துவிடுங்கள். அடைமழையில் பட்டறைத் தூள் நனைந்துதான் கிடைக்கும், அதைக் காயவைக்க நமக்கு வெயிலும் கிடைக்காது.

– ஒரு வாசகி, செஞ்சி