எழுபதில் தெரிவது, நடுவயதில் தொடங்கியது

வருவதே கடைசியில்தான்

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் மறதிக்காக மருத்துவரிடம் அழைத்து வரப்படும் முதியவர்களில் பலர், மறதி தலைகாட்டிய காலத்தில் வருவதில்லை. பிறந்ததிலிருந்து நடந்த உத்தர வீதியில் வீடு தெரியாமல் நின்றவரை யாரோ கைபிடித்துக் கொண்டுவந்து விட்ட பிறகு வருகிறார்கள். ஓய்வூதியக் கணக்கிலிருந்து ஒரே வாரத்தில் மூன்று முறை பணம் எடுத்தது தெரிந்த பிறகு வருகிறார்கள். எப்போதிலிருந்து என்று கேட்டால், "ரெண்டு மூணு வருஷமாவே இருக்கு, வயசாச்சேன்னு விட்டுட்டோம்" என்பதே பதில். அந்த இரண்டு மூன்று வருடங்களில் வல்லாரை மாத்திரை, அமுக்கரா சூரணம், கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை எல்லாம் ஒரு சுற்று வந்திருக்கும். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. எங்கோ யாருக்கோ வரும் நோய் இல்லை இது.

ஒரு விஞ்ஞானியின் பாதை

இந்தத் தாமதம் ஏன் இவ்வளவு பெரிய இழப்பு என்று புரிய, சென்னையில் பிறந்த விஜயலட்சுமி ரவீந்திரநாத்தின் ஆய்வு வாழ்க்கையைப் பார்த்தால் போதும். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1981-இல் முனைவர் பட்டம் பெற்று, 1986-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் சேர்ந்தவர். 1996-இல் பட்நாகர் விருது பெற்றார். மானேசரில் தேசிய மூளை ஆய்வு மையத்தை நிறுவி நடத்தினார். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூளை ஆய்வு மையத்தின் நிறுவன இயக்குநரானார். 2010-இல் பத்மஸ்ரீ. பட்டங்களைவிட அவருடைய கேள்விகள் நகர்ந்த திசைதான் நமக்கு வேண்டியது. கேசரிப் பருப்பைத் தொடர்ந்து உண்டவர்களின் கால்கள் முடங்குவது எப்படி என்று நரம்பு உயிரணுவுக்குள் தேடியவர், பார்க்கின்சன், அல்சைமர் நோய்களில் உயிரணு எப்படிச் சாகிறது என்று பார்த்தவர், கடைசியில் ஆய்வுக்கூடத்தை விட்டுக் கிராமத்துக்குப் போனார். கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில், 45 வயதைத் தாண்டிய, மறதி நோய் இல்லாத 10,000 பேரைச் சேர்த்துப் பல்லாண்டு தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். நோயாளிகளை விட்டு நலமாக இருப்பவர்களிடம் ஏன் போக வேண்டும்? மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே மூளைக்குள் கேடு தொடங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் யாருக்கு எது அதைத் தூண்டுகிறது, யாரை எது காக்கிறது என்பதை, மேலை நாட்டு உடல்களை வைத்து அல்லாமல், நம் மக்களின் உணவையும் உழைப்பையும் வைத்தே அறிய வேண்டும் என்பதற்காகத்தான். எழுபதில் கண்ணுக்குத் தெரிவது நடுவயதில் வேர்விட்டது என்ற இந்த ஒரு செய்தி நம் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தால், மற்றவை எல்லாம் மாறும்.

அமுக்கராவும் எலியும்

ஆனால் அவருடைய ஆய்வுகளில் இங்கே பரவலாக வந்து சேர்ந்தது வேறொன்று. 2012-இல் அவர் குழு, அமுக்கரா வேரிலிருந்து எடுத்த சாறு அல்சைமர் மாதிரியான நோய் கொண்ட எலிகளில் நினைவாற்றலை மீட்டதாகவும், மூளையில் படிந்த அமிலாய்டு புரதத்தைக் குறைத்ததாகவும் எழுதியது. உடனே அமுக்கரா மறதியைக் குணமாக்கும் என்று செய்தி பரவியது. இன்றும் அதைச் சொல்லியே டப்பா டப்பாவாக விற்கிறார்கள். ஆய்வு சொன்னதை முழுவதும் கேளுங்கள். அது பகுதி சுத்திகரித்த சாறு, கடையில் விற்கும் பொடி அல்ல. கொடுத்தது எலிகளுக்கு, 30 நாட்கள். அந்தச் சாறு வேலை செய்தது கல்லீரல் வழியாக: அங்கே ஒரு புரதத்தை அதிகப்படுத்தி, மூளையிலிருந்து அமிலாய்டை இரத்தத்துக்கு இழுத்தது. ஆக, கல்லீரலைத் தொடும் ஒரு பொருளை, ஏற்கெனவே ஐந்தாறு மாத்திரை சாப்பிடும் 75 வயது மனிதருக்கு அளவும் தெரியாமல், யாரையும் கேட்காமல் தினமும் பாலில் கலந்து கொடுக்கிறோம். அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி இந்தியாவிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன.

நம் மருந்தை இழிவுபடுத்துவதாகச் சிலர் கோபப்படுவார்கள். அந்த வேரை மதித்ததால்தான் ஒரு விஞ்ஞானி அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றார். எந்த வழியில் வேலை செய்கிறது என்று கேட்டார். நாட்டு மருந்துக் கடையில் ஆளுக்கொரு அளவில் வாங்கி வாயில் போடுவதில் அந்த மதிப்பு எங்கே இருக்கிறது? பூனைக்காலி விதையிலும் இதே கதைதான். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா அந்த விதையில் உண்மையிலேயே இருக்கிறது. அதனாலேயே மாத்திரையோடு சேர்த்துச் சொல்லாமல் தின்றால் மருந்தின் அளவு கூடிப்போய், கைகால் தானாக நெளியும், மனம் குழம்பி இல்லாத உருவங்கள் தெரியும். சித்த மருத்துவரிடம் போகிறீர்களா, போங்கள். படித்துப் பட்டம் பெற்றவரிடம், எல்லா மாத்திரைகளையும் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கேஸ் மாத்திரையும் தலைசுற்றல் மாத்திரையும்

மருந்தை உருமாற்றும் வேலை கல்லீரலுக்கே உரியது என்று பெரும்பாலும் கருதப்பட்ட காலத்தில், மனித மூளையிலும் அந்த நொதிகள் இயங்குகின்றன, மனநல மருந்துகளின் போக்கு மூளைக்குள் வேறாக இருக்கக்கூடும் என்று நிம்ஹான்ஸில் ஆராய்ந்தவர் விஜயலட்சுமி. இரத்தத்தில் உள்ள அளவை வைத்து மூளைக்குள் நடப்பதைக் கணிக்க முடியாது என்றால், மெடிக்கல் ஷாப் கல்லாவில் நிற்பவர் எதை வைத்துக் கணிப்பார்? தலைசுற்றலுக்கு என்று எழுதிய சின்னரிசின், பசியின்மைக்கும் கேஸுக்கும் கொடுத்த லெவோசல்பிரைடு ஆகியவை சில வாரங்களுக்கானவை. பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டால் கை நடுங்கும், நடை தளரும், முகம் உறையும்: பார்க்கின்சன் போலவே இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு மெல்லச் சரியாகும் நடுக்கம் அது. தூக்க மாத்திரையும், சளிக்கு வாங்கும் சில மாத்திரைகளும் முதியவரின் நினைவைக் கலக்கும். ஒரு சீட்டு ஒரு முறைக்கு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

"பாசுரம் தப்பாமல் சொல்கிறாரே"

ஸ்ரீரங்கத்தில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. சிறுவயதில் மனப்பாடமானது நோய் முற்றும் வரைகூட நிற்கும். காலையில் சாப்பிட்டது, நேற்று மகள் போனில் சொன்னது, இவைதான் முதலில் அழியும். எனவே பிரபந்தம் பிசகாமல் சொல்பவருக்கும் நோய் இருக்கலாம். படித்தவருக்கு வராது என்பதும் பாதிதான் உண்மை. பள்ளிப் படிப்பு குறைந்தவர்களிடையே நோய் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பெரிய பதவியில் இருந்தவர் பேச்சுச் சாமர்த்தியத்தால் குறையை நெடுநாள் மறைத்துவிடுவார், வெளியே தெரியும்போது நிலைமை முற்றியிருக்கும்.

"குணமாகாத நோய்க்குச் சீக்கிரம் வந்து என்ன பயன்?" இதற்குத்தான் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். வந்தவருக்கு இருப்பது அல்சைமர்தானா என்பதே முதலில் தெரியாது. பி12 குறைவு நினைவைத் தின்னும். சைவ உணவு மட்டும் உண்பவருக்கும், பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கும் அது எளிதில் வரும். தைராய்டு குறைவு, சோடியம் குறைவு, குளியலறையில் விழுந்து சில வாரம் கழித்து மூளைமேல் தேங்கிய இரத்தம், துணையை இழந்த பிறகு வந்த மனச்சோர்வு ஆகிய எல்லாமே மறதி நோய் போல் நடிக்கும். எல்லாமே சிகிச்சைக்குக் கட்டுப்படும், காலம் தாழ்த்தாவிட்டால். சில இரத்தப் பரிசோதனைகளும் ஒரு ஸ்கேனும் போதும், புத்தூர் அரசு மருத்துவமனையிலேயே கேளுங்கள். உண்மையிலேயே அல்சைமர் என்றாலும், வங்கிக் கணக்கையும் கேஸ் அடுப்பையும் வீட்டுக் கதவையும் பத்திரப்படுத்த, தன் விருப்பத்தை அவரே வாய்திறந்து சொல்ல, தொடக்கக் காலம் மட்டுமே இடம் தரும்.

நாற்பதுகளில் இருப்பவர்களே

லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் சொன்ன கணக்கு: மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால், உலகில் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும். இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, அசையாத உடல், தனிமை, தலைக்காயம் எல்லாம் அதில் உண்டு. காது கேளாமையும் உண்டு; காதில் கருவி வைக்க வெட்கப்பட்டு, பேச்சிலிருந்தே ஒதுங்கிப்போகும் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்த மாத்திரை தருகிறது. தலைவலி இல்லையே என்று அதை நிறுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, சித்திரை வீதி வீட்டில் தனியே இருக்கும் அம்மாவிடம் தினமும் பத்து நிமிடம் பேசுங்கள். காவிரிக்கரையில் அரை மணி நேரம் நடங்கள். தலைக்கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

அப்பாவுக்காக இதைப் படித்துக்கொண்டிருப்பவர் நாளைக் காலை இரண்டு வேலை செய்யுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை, பொடி, லேகியம் அத்தனையையும் ஒரு பையில் போட்டு அவரோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அங்கேயே உங்கள் கையையும் நீட்டி, உங்கள் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.