மூளைக்கும் சுரப்பிக்கும் நடுவே சில ரத்தக் குழாய்கள்

1960களில் அமெரிக்காவின் இறைச்சிக் கூடங்களில் ஒரு விநோதமான கொள்முதல் நடந்தது. அறுக்கப்பட்ட ஆடு, பன்றிகளின் மண்டையைப் பிளந்து, மூளையின் அடியிலிருந்து ஒரு சின்னஞ்சிறு துண்டை மட்டும் வெட்டியெடுத்து, கெட்டுப்போவதற்குள் உறைய வைத்து அனுப்பினார்கள். ஆட்டுத் துண்டுகள் ஹூஸ்டன் நகரில் ரோஜர் கியெமன் என்பவரின் ஆய்வகத்துக்குப் போயின. பன்றித் துண்டுகள் நியூ ஆர்லியன்ஸில் ஆண்ட்ரூ ஷாலியிடம் போய்ச் சேர்ந்தன. இருவரும் முதலில் ஹூஸ்டனில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். 1962இல் பிரிந்தார்கள். அதன் பிறகு ஒருவரை ஒருவர் முந்துவதிலேயே கழிந்தன அவர்களின் அடுத்த பல ஆண்டுகள்.

அந்தத் துண்டுக்குப் பெயர் ஹைப்போதலாமஸ். மனிதர்களில் அதன் எடை சுமார் 4 கிராம்தான். அதன் அடியில் ஒரு மெல்லிய காம்பு. காம்பின் நுனியில், எலும்புக் குழிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது பட்டாணி அளவிலான பிட்யூட்டரி சுரப்பி. தைராய்டு, அட்ரினல், கருப்பை அருகிலுள்ள சினைப்பை, விந்தகம் என்று உடலின் முக்கியமான சுரப்பிகளுக்கெல்லாம் கட்டளை போவது அங்கிருந்துதான். அப்படியானால் அந்தப் பிட்யூட்டரிக்குக் கட்டளை இடுவது யார்? மூளைதான் என்றால், எந்த வழியாக? கியெமனும் ஷாலியும் டன் கணக்கில் மூளைத் துண்டுகளை அரைத்துக் கரைத்து வடிகட்டியது இந்தக் கேள்விக்காகத்தான்.

பள்ளிப் பாடநூலில் நரம்பு மண்டலம் ஒரு பாடம், நாளமில்லாச் சுரப்பிகள் வேறொரு பாடம். நரம்பு வேகமானது, ஹார்மோன் மெதுவானது என்று மாணவர்கள் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அது பொய்யில்லை. தடித்த கொழுப்புறை போர்த்திய நரம்பிழையில் செய்தி நொடிக்கு 120 மீட்டர் வரை ஓடுகிறது. தைராய்டு சுரக்கும் தைராக்சினோ ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். ஆனால் இரண்டையும் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்துவிட்டதால், மருத்துவம் உண்மையில் திணறிய இடம் மாணவர் கண்ணிலேயே படாமல் போகிறது. அந்த இடம் இரண்டும் சந்திக்கும் காம்பு.

இந்தப் பிரிவினைக்கு நாள் குறிக்கலாம். 1902 ஜனவரி 16. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் இருவரும் மயக்க மருந்து கொடுத்த நாய் ஒன்றின் சிறுகுடலில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்தார்கள். ரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு அந்தக் குடலுக்குள் கொஞ்சம் அமிலத்தைச் செலுத்தினார்கள். வயிற்றிலிருந்து அமிலம் குடலுக்கு இறங்கியதும் கணையம் நீரைச் சுரப்பது நரம்புகளின் வேலை என்றுதான் ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் உட்பட எல்லோரும் நம்பியிருந்த காலம். நரம்பே இல்லாத குடல் அது. ஆனாலும் சில நிமிடங்களில் கணைய நீர் சொட்டத் தொடங்கியது. உடனே குடலின் உட்புறத்தைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாயின் ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். கணையம் மறுபடியும் சுரந்தது. குடலிலிருந்து ரத்தத்தில் ஏறிப் போகும் ஏதோ ஒரு ரசாயனம்தான் தூதர் என்பது அன்று மதியமே உறுதியானது. செக்ரெடின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்ற பொதுப்பெயரை 1905இல் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்த வெற்றிக்குப் பிறகு சுரப்பிகளை ஆராய்ந்தவர்கள் ஒரு பக்கம், நரம்புகளை ஆராய்ந்தவர்கள் மறு பக்கம் என்று ஆகிப்போனது. ஆனால் உடல் இந்தக் கோட்டை மதிக்கவே இல்லை. பெண் முயலுக்குச் சினைமுட்டை வெளிப்படுவது இணை சேர்ந்த பிறகுதான். அதாவது ஒரு தொடு உணர்வு, சில மணி நேரத்தில் ஹார்மோனாகிறது. பகல் வெளிச்சம் நீள்வதும் குறைவதும் செம்மறி ஆட்டின் இனப்பெருக்கப் பருவத்தை மாற்றுகிறது. கடும் மன உளைச்சலில் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதை ஊரே அறியும்.

பிட்யூட்டரியின் பின்பாதி இந்தப் புதிரை ஓரளவு அவிழ்த்தது. 1928இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஷாரர், மீனின் ஹைப்போதலாமஸில் சுரப்பி போலவே வேலை செய்யும் நரம்பு செல்களைக் கண்டார். அவரும் அவர் மனைவி பெர்ட்டா ஷாரரும் பல ஆண்டுகள் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தும் நம்பியவர்கள் குறைவு. இன்று அது மறுக்க முடியாத உண்மை. பிட்யூட்டரியின் பின்பாதி உண்மையில் மூளையின் நீட்சி. ஹைப்போதலாமஸில் இருக்கும் நரம்பு செல்களின் வால் அங்கே வந்து முடிந்து, ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை நேராக ரத்தத்தில் விடுகிறது. பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய தாய், எங்கோ வேறொரு குழந்தை அழுவதைக் கேட்டதும் தன் மார்பில் பால் கசிந்து ரவிக்கை நனைவதை உணர்கிறாள். காதில் விழுந்த ஒலி மூளைக்குப் போய், ஹார்மோனாக மாறி, ரத்தத்தில் ஏறி, மார்பின் தசைகளைச் சுருங்க வைத்ததுதான் அந்தக் கசிவு. எது நரம்பின் வேலை, எது ஹார்மோனின் வேலை என்று இங்கே யாரும் பிரித்துக் காட்ட முடியாது.

முன்பாதிதான் விடாப்பிடியாக நின்றது. தைராய்டையும் அட்ரினலையும் இனப்பெருக்கத்தையும் ஆள்வது முன்பாதி. ஆனால் அதற்குள் சொல்லிக்கொள்ளும்படி நரம்புகளே கிடையாது. காம்பின் வழியே அதற்கு வந்தவை மெல்லிய ரத்தக் குழாய்கள் மட்டும். 1930இல் கிரிகோர் போப்பா, ஊனா ஃபீல்டிங் இருவரும் அவற்றை விவரித்தபோது, ரத்தம் சுரப்பியிலிருந்து மூளையை நோக்கி மேலே ஏறுகிறது என்று கருதினார்கள். ரத்தம் ஓடும் திசை தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தது. அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூஸ்ஸே குழுவினர் உயிருள்ள தேரையில் அது கீழ்நோக்கி ஓடுவதைப் பார்த்தார்கள். பிறகு இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ் உயிருள்ள எலிகளில் அதையே உறுதி செய்தார்.

இந்தக் கதையில் அதிகம் கொண்டாடப்பட வேண்டியவர் ஹாரிஸ்தான். காம்பை வெட்டினால் சுரப்பி செயலிழக்க வேண்டும். ஆனால் சில விலங்குகளில் அது மீண்டும் வேலை செய்தது. ஆகவே மூளைக்கும் சுரப்பிக்கும் தொடர்பில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ஹாரிஸ் அந்த விலங்குகளின் காம்பை நுண்ணோக்கியில் பார்த்தார். வெட்டிய இடத்தில் ரத்தக் குழாய்கள் மறுபடி வளர்ந்து இணைந்திருந்தன. அடுத்த முறை வெட்டிய இடைவெளியில் மெழுகுத் தாள் துண்டு ஒன்றைச் செருகி வைத்தார். குழாய்கள் வளர வழியில்லை. சுரப்பியும் எழவில்லை.

1952இல் டோரா ஜேக்கப்சோனுடன் சேர்ந்து அவர் செய்தது இன்னும் நுட்பமான வேலை. நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி ஸ்வீடனில் குடியேறிய விஞ்ஞானி ஜேக்கப்சோன். பெண் எலிகளின் பிட்யூட்டரியை முழுவதுமாக எடுத்துவிட்டு, பிறந்த குட்டிகளின் பிட்யூட்டரித் திசுவைச் சில எலிகளுக்கு ஹைப்போதலாமஸின் நேர் அடியிலும், சில எலிகளுக்கு மூளையின் வேறொரு பகுதிக்கு அடியிலும் பதித்தார்கள். இரண்டு இடத்திலும் திசுவுக்கு ரத்தம் கிடைத்தது. ஆனால் ஹைப்போதலாமஸுக்கு அடியில் பதித்த எலிகளுக்கு மட்டும் பருவச் சுழற்சி திரும்பியது. சில எலிகள் கருத்தரித்துக் குட்டியும் போட்டன. மூளை ஏதோ ஒரு ரசாயனத்தை அந்தச் சில குழாய்களின் ரத்தத்தில் கலந்து அனுப்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இருந்தும் அந்த ரசாயனத்தைக் கையில் எடுத்துக் காட்டும்வரை வாதம் ஓயவில்லை.

காட்ட வேண்டிய வேலைதான் கியெமனிடமும் ஷாலியிடமும் வந்து சேர்ந்தது. சுமார் 3 லட்சம் ஆடுகளின் ஹைப்போதலாமஸிலிருந்து கியெமனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மில்லிகிராம். 1969இல் இரு ஆய்வகங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடையை வெளியிட்டன. பிட்யூட்டரி வழியாகத் தைராய்டைத் தூண்டும் அந்தக் கட்டளை, மூன்றே மூன்று அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துளி மூலக்கூறு. இனப்பெருக்கத்தை ஆளும் பத்து அமினோ அமிலக் கட்டளையை 1971இல் ஷாலியின் குழு முதலில் கண்டது. 1977ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதியை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். மறுபாதி, ரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஹார்மோனையும் அளந்து காட்டும் முறையைத் தந்த ரோசலின் யாலோவுக்குப் போனது. கியெமன், ஷாலி இருவருமே 2024இல் காலமானார்கள்.

அடுத்து வந்த கண்டுபிடிப்புதான் நரம்பின் கைரேகையை ஹார்மோனில் காட்டியது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர், ஹைப்போதலாமஸ் சேதமடைந்த குரங்குகளுக்கு அந்தப் பத்து அமினோ அமிலக் கட்டளையைச் சொட்டு மருந்தாகத் தொடர்ந்து ஏற்றினார்கள். பிட்யூட்டரி ஓய்ந்துபோனது. அதே மருந்தை மணிக்கு ஒரு முறை சில நிமிடங்கள் மட்டும் ஏற்றியதும் விழித்துக்கொண்டது. மருந்து ஒன்றுதான். தாளம்தான் வேறு. நரம்பு செல்கள் விட்டு விட்டுத் துடிப்பவை, அந்தத் துடிப்பை அப்படியே ஹார்மோனிலும் அனுப்புகின்றன. இந்த அறிவு இன்று சிகிச்சையாகியிருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோயில் ஆண் ஹார்மோனை அடக்க, அதே கட்டளையின் நீடித்து நிற்கும் வடிவத்தை ஊசியாகப் போட்டு, இடைவிடாமல் ஒலிக்கச் செய்து, பிட்யூட்டரியை மௌனமாக்குகிறார்கள்.

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. முன்பாதிக்கு வேண்டிய ரத்தத்தின் பெரும்பங்கு, ஹைப்போதலாமஸின் நுண்குழாய்களைக் கடந்து, அழுத்தம் குறைந்த பிறகே வருகிறது. கால்வாயில் நீர் குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் காயும். பிட்யூட்டரிக்கும் அதே கதிதான்.

பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போன பெண்களில் இதை 1937இல் லிவர்பூலின் ஹெரால்ட் ஷீஹன் விவரித்தார். கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெருத்து, அதிக ரத்தம் கேட்கும் நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்தால் சுரப்பி கருகிவிடுகிறது. முதல் அறிகுறி, தாய்க்குப் பால் வராமல் போவது. பிறகு மாதவிடாய் திரும்புவதில்லை. அக்குள் முடி உதிர்கிறது. குளிர் தாங்கவில்லை, எழுந்து நடக்கத் தெம்பில்லை. உடம்பு வீணாகிவிட்டது என்று வீட்டார் பேசிப் பேசியே பத்து வருடம், சில சமயம் இருபது வருடம்கூட ஓடிவிடுகிறது. பிரசவத்தில் உயிர் பிழைத்துவிட்டாள் என்பதோடு ஒரு பெண்ணின் கதை முடித்து வைக்கப்படுவது எவ்வளவு பெரிய அநீதி!

தமிழ் மண்ணுக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பும் இருக்கிறது: கண்ணாடி விரியன். நெல் வயலில் காலைக் கடிக்கும் இந்தப் பாம்பின் விஷம், ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களைக் கண்டபடி தூண்டித் தீர்த்துவிடுகிறது. நுண்குழாய்களில் கட்டிகள், மற்ற இடங்களில் கசிவு. சிறுநீரகம் பழுதாவதைப் பலர் அறிவார்கள். அதே சேதம் பிட்யூட்டரியிலும் நேரலாம். பர்மாவில் விரியன் கடித்தவர்களிடம் இதைக் கண்ட மருத்துவர்கள், ஷீஹன் சொன்ன நோயை ஒத்திருக்கிறது என்று 1987இல் லான்செட் இதழில் எழுதினார்கள். தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இத்தகைய நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். கடி ஆறி வீடு திரும்பிய விவசாயி, மாதங்கள் கழித்து மீசை தாடி வளர்வது நின்று, ஆண்மை குன்றி, எந்நேரமும் சோர்ந்து கிடக்கிறார். அதைப் பாம்புக் கடியோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

ரத்தப் பரிசோதனையும் ஏமாற்றக்கூடும். சோர்வு என்று போனால் பல இடங்களில் டி.எஸ்.ஹெச். அளவை மட்டும் பார்க்கிறார்கள். அது தைராய்டுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் கட்டளை. சுரப்பியே பழுதான இந்த நோயாளிகளிடம் அது இயல்பான அளவில்கூட இருக்கலாம். தைராய்டு நார்மல் என்று சீட்டில் எழுதிவிடுவார்கள். தைராய்டு சுரக்கும் தைராக்சினையும் காலை 8 மணி வாக்கில் அட்ரினல் சுரக்கும் கார்டிசாலையும் அளந்தால்தான் குட்டு வெளிப்படும். பிரசவ ரத்தப்போக்கோ விரியன் கடியோ ஏற்பட்டு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் சீட்டிலும் இந்த இரண்டு பரிசோதனைகளையும் எழுதித் தருவதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரி கட்டாயமாக இருக்க வேண்டும்.

நோய் பிடிபட்டால் சிகிச்சை எளிமையானது, விலையும் அதிகமில்லை. முதலில் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன், அதன் பிறகே தைராக்சின். வரிசை மாறினால் ஆபத்து. தைராக்சின் உடலை முடுக்கிவிட, எஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்ச கார்டிசாலும் தீர்ந்து நோயாளி சரிந்துவிடக்கூடும். மாத்திரை தொடங்கிய பின்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மற்றவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து, கேட்காமலேயே கார்டிசாலைக் கூட்டிவிடும். இவர்களுக்கு அந்தக் கணக்கைக் கையால் போட வேண்டும். காய்ச்சல் நாட்களில் மருத்துவர் சொன்னபடி மாத்திரையை இரண்டு மடங்காக்க வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் தாமதிக்காமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மயங்கி விழுந்தால் அருகிலிருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய அட்டை ஒன்றை எப்போதும் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்திருக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். வீட்டில் இன்னொருவருக்காவது ஊசி போடும் முறையைக் கற்றுக்கொடுத்தும் அனுப்புகிறார்கள்.