இழுக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா?

ஆடிப்பூரத்துக்கு நாலு நாள் இருந்தது. ராஜபாளையத்திலிருந்து என் ஒன்றுவிட்ட அக்கா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னைப் பார்க்க வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. பிரித்துக் காட்டினாள். உள்ளே அவளுடைய நகைகள்!

"என்னக்கா இது?" என்றேன் திடுக்கிட்டு.

"உங்க அத்தான் அடகு வைக்கக் கேக்கறாரு. நீ நாலு எழுத்துப் படிச்சவ. நீ ஒரு வார்த்தை சொல்லு. அப்புறம்தான் குடுப்பேன்."

அத்தான் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் ட்ரெய்லரும் செய்வார். கைத்தொழில் சுத்தம், கடன் கிடையாது. இப்போது ஒருவர் வந்து, புல்டோசரையும் மண் அள்ளும் இயந்திரத்தையும் ஏற்றிச் செல்லும் பெரிய ட்ரெய்லர் 2 வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதற்கு இடம் வேண்டும், பளு தூக்கும் கிரேன் வேண்டும், கனமான இரும்பு வாங்க வேண்டும். 'ரெண்டு வருஷத்துல நாமளும் ஒரு கம்பெனி ஆயிடலாம்' என்று அத்தான் கனவு காண்கிறார்.

கனவு காண்பது தப்பா? எனக்கோ ட்ரெய்லரைப் பற்றி ஒன்றும் தெரியாது. "தேர் முடியட்டும் அக்கா, விசாரித்துச் சொல்கிறேன்" என்று தவணை வாங்கிக்கொண்டேன். விசாரித்தபோது ஓர் அருமையான கதை கிடைத்தது. வீட்டுக் கணக்குப் பார்க்கும் ஒவ்வொரு சகோதரியும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

ஒரு படகுக்காகப் பிறந்த வண்டி

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்று ஒரு கொல்லர். குதிரைக்கு லாடம் அடிப்பதும், குதிரை வண்டி கட்டுவதும் அவர் தொழில். 1914-ல் ஃப்ரெடரிக் சிப்லி என்ற மர வியாபாரி அவரிடம் வந்தார். கோடை விடுமுறைக்கு ஏரிக்கரைக்குப் போக வேண்டும். கூடவே தன் படகையும் கொண்டு போக வேண்டும். "என் ஃபோர்டு காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற மாதிரி ஏதாவது செய்து தர முடியுமா?" என்று கேட்டார்.

ஃப்ரூஹாஃப் 2 சக்கரம் வைத்து ஒரு வண்டி செய்து கொடுத்தார். படகு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. சிப்லிக்கு ஒரே சந்தோஷம். 'படகை இழுத்த வண்டி மரத்தை இழுக்காதா?' என்று தன் மரக்கடைக்கும் அதே மாதிரி வண்டிகள் செய்யச் சொன்னார். ஒருவர் பார்த்து இன்னொருவர் கேட்க, 1918-ல் ஃப்ரூஹாஃப் ட்ரெய்லர் கம்பெனி பிறந்தது.

கம்பெனி தன் வண்டியை விற்றதற்கு அடிப்படை ஓர் எளிய உண்மைதான். ஒரு குதிரை முதுகில் சுமப்பதைவிட அதிகமான பாரத்தை வண்டியில் பூட்டினால் இழுக்கும். லாரியும் அப்படித்தான். நம் ஊர் வண்டி மாட்டுக்குத் தெரியாத விஷயமா இது!

மகன்கள் தொழிலுக்கு வந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ராணுவத்துக்கும் ட்ரெய்லர்கள் செய்தார்கள். கொல்லுப்பட்டறை அமெரிக்காவின் மிகப் பெரிய ட்ரெய்லர் கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது.

இதுவரை படித்ததும், 'நகையைக் கொடுத்துவிடு அக்கா' என்று சொல்லத்தான் தோன்றியது. ஆனால் கதை அங்கே முடியவில்லையே!

தேர் சொன்ன பாடம்

ஆடிப்பூரத்தன்று அக்காவும் நானும் குழந்தைகளுடன் தேர் பார்க்கப் போனோம். ஆண்டாளும் ரங்கமன்னாரும் வீற்றிருக்க, வடம் பிடித்தவர்கள் கோஷமிட, அந்தப் பெரிய தேர் அசைந்து வந்த அழகை என்னவென்று சொல்ல! முன்பெல்லாம் தேர் நிலைக்கு வர நாள் கணக்கில் ஆகுமாம். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வைத்த பிறகு சில மணி நேரத்தில் வந்துவிடுகிறது.

"அம்மா, எல்லாரும் முன்னாடி இழுக்கறாங்க. அவங்க மட்டும் ஏன் சக்கரத்துக்கிட்ட கட்டையோட நிக்கறாங்க?" என்று கேட்டான் அக்காவின் பையன்.

"அதுதான்டா முட்டுக்கட்டை. அது இல்லேன்னா தேர் வீட்டுக்குள்ள பூந்துடும்" என்றாள் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. வடம் பிடிக்க யாரும் வரலாம். முட்டுக்கட்டை போட அனுபவம் வேண்டும். சக்கரத்தடியில் எப்போது கொடுக்க வேண்டும், எந்தப் பக்கம் கொடுத்தால் தேர் திரும்பும் என்று தெரிந்திருக்க வேண்டும். 'நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே' என்று நாம் சலித்துக்கொள்கிறோம். தேருக்கோ முட்டுக்கட்டையே காவல்!

பாரம் ஏற்றும் ட்ரெய்லரும் ஒரு தேர்தான். அதைக் கட்டுவதில் 3 விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, பாரத்தைப் பகிர்வது. ஈர மண்ணில் அம்மிக்கல்லை வைத்தால் புதைகிறது. அடியில் பலகை போட்டு வைத்தால் நிற்கிறது. ட்ரெய்லருக்கு வரிசை வரிசையாகச் சக்கரம் வைப்பது இதற்குத்தான். ஒரே இடத்தில் பாரம் இறங்கினால் டயரும் தாங்காது, ரோடும் தாங்காது.

இரண்டாவது, பாரம் தாழ்வாக இருப்பது. தலையில் குடம் வைத்து நடப்பதைவிட இடுப்பில் வைத்து நடப்பது சுலபம் அல்லவா? இயந்திரம் ஏற்றும் ட்ரெய்லரின் தளத்தைத் தரைக்குப் பக்கத்தில் தாழ்த்திக் கட்டுவார்கள். உயரம் கூடினால் வளைவில் கவிழும்; மேலே மின்கம்பியிலும் இடிக்கும்.

மூன்றாவது, பிரேக். இதுதான் உயிர். கனரக வண்டிகளில் காற்றழுத்தத்தால் பிரேக் இயங்குகிறது. நின்றிருக்கும்போது பிடிக்கிற பிரேக்கில் வலுவான ஸ்பிரிங் இருக்கும். காற்றுதான் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளி, பிரேக்கை விடுவிக்கிறது. காற்று வெளியேறிவிட்டால் ஸ்பிரிங் தானே பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கோளாறு வந்தால் வண்டி ஓடக் கூடாது, நிற்க வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு!

ட்ரெய்லரைப் பட்டறையில் நினைத்தபடி கட்டி ரோட்டில் விட்டுவிடவும் முடியாது. வடிவமைப்புக்கு முறையான ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கும் காலமும் செலவும் ஆகும்.

நம் ஊர் வழியாகத் தேசிய நெடுஞ்சாலை போகிறது. குழந்தையை ஸ்கூட்டரில் பள்ளிக்கு அழைத்துப் போகும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நீண்ட ட்ரெய்லர் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டி வரும். ஆகவே திரும்புகிற வண்டிக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவே நுழையவே கூடாது. இடது பக்கத்தில் ஒட்டி வருபவர்களும், முன்னால் மிக அருகில் நிற்கும் குழந்தையும் டிரைவர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஒரு நிமிஷம் நின்று வழிவிடுங்கள்.

கம்பெனிக்கு என்ன ஆயிற்று?

ஃப்ரூஹாஃப் கதையின் மீதியை அன்று மாலை அக்காவுக்குச் சொன்னேன்.

1986-ல் ஆஷர் எடல்மன் என்ற பணக்காரர் பங்குகளை வாங்கி அந்தக் கம்பெனியைக் கைப்பற்றப் பார்த்தார். அவரிடம் விடக் கூடாது என்று நிர்வாகத்தினரே பெரும் கடன் வாங்கிக் கம்பெனியை வாங்கினார்கள். கம்பெனி கையில் தங்கியது. கடன் கழுத்தில் தங்கியது. வட்டி கட்டச் சொத்துகளை விற்க வேண்டி வந்தது. 1989-ல் ட்ரெய்லர் தொழிலே வேறு நிறுவனத்திடம் போனது. 1996-ல் திவால். 1997-ல் வாபாஷ் என்ற இன்னொரு ட்ரெய்லர் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது.

படகு இழுத்த வண்டியில் தொடங்கியவர்கள் தொழில் தெரியாதவர்களா? இல்லை. ஊருக்கெல்லாம் பிரேக் வைத்து வண்டி கட்டிய கம்பெனியின் கடனுக்குத்தான் பிரேக் இல்லாமல் போயிற்று!

அக்கா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப வேண்டாம்னு சொல்லிடவா?" என்றாள்.

"வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்? உங்க ஊரையே பாரேன். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பித்த ராஜபாளையம் மில்லிலிருந்துதானே சிமெண்ட் வரைக்கும் வளர்ந்தார்கள்? வளர்வது தப்பில்லை. அத்தான் வடம் பிடிக்கட்டும். நீ கட்டையோடு சக்கரத்துக்கிட்ட நில்லு" என்றேன்.

இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். ஆர்டர் கொடுத்தவர் எவ்வளவு முன்பணம் தருவார்? பணம் 6 மாதம் தாமதமானால் வட்டியை எதிலிருந்து கட்டுவது? பிள்ளைகள் படிப்புக்கு வைத்ததைத் தொடாமல் முடியுமா? 2 வண்டிக்குப் பதில் முதலில் 1 வண்டி செய்தால் என்ன?

மறு வாரம் அக்கா போன் செய்தாள். முதலில் அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம். இரண்டு நாள் கழித்து, அவரே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆர்டர் கொடுத்தவரிடம் போயிருக்கிறார். முன்பணத்தோடு ஒரு வண்டிக்கு ஒப்பந்தம். கிரேன் சொந்தமாக வாங்கவில்லை, வாடகைக்குத்தான்.

"நகை?" என்றேன்.

"ரெண்டு வளையல் மட்டும் பாங்குக்குப் போயிருக்கு. மத்ததெல்லாம் பீரோவுல பத்திரமா இருக்கு. நேத்து ராத்திரி அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'நீ முட்டுக்கட்டை போட்டதால வண்டி நேரா போகுது'ன்னாரு!" என்று சிரித்தாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் என்றாவது ஒரு மஞ்சள் பை பிரிக்கப்படலாம். அழுதுகொண்டே கொடுக்கவும் வேண்டாம், சண்டை போட்டு மறுக்கவும் வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.