ஐந்தாவது பாட்டரி

“அம்மா, இன்னும் ஒரே ஒரு பாட்டரி! வண்டி பறக்கும், பாரேன்!” என்கிறான் பிள்ளை.

பறக்கத்தான் செய்யும். சின்ன மின்சார ஸ்கூட்டரில் பெரும்பாலும் 12 வோல்ட் பாட்டரிகள் நான்கு. மொத்தம் 48 வோல்ட். ஐந்தாவதைச் சேர்த்தால் 60. மணிக்கு 25 கிலோமீட்டர் போனது சுமார் 31ஐ எட்டிவிடும். இந்தியாவில் 250 வாட்டுக்குக் குறைந்து, 25 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் வேண்டாம். அந்தச் சலுகை அன்றோடு சரி!

கண்ட்ரோலர் பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் அநேகமாக 63 வோல்ட்தான் தாங்கும். சார்ஜ் நிரம்பிய ஐந்து பாட்டரிகளோ அதையும் மிஞ்சும். பெட்டி புகைந்தால் பணத்தோடு போயிற்று. பிரேக்கின் சங்கதி அப்படியல்ல. வேகம் கால் பங்கு கூடினால், நிறுத்துவதற்குப் பிரேக் தாங்கவேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்தப் பழைய பிரேக்கை நம்பித்தானே குழந்தையைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிறீர்கள்?